கலைச்சொல் தேவை: மியூச்சுவல் இம்ப்ரூவ்மென்ட் சொசைட்டியும் அதன் கையெழுத்துப் பத்திரிகையும்

மடல் 1
அனுப்புநர்: வ.சு.

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் உழைக்கும் மக்கள் தாமாகவே எப்படிப் படித்துக்கொண்டார்கள் என்பது பற்றி ஒரு நூலைத் தமிழாக்கி வருகிறேன். மூன்று அத்தியாயம் தட்டுத் தடங்கலின்றிப் போனது. நான்காவதில் இரண்டு சொற்கள் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. பத்து நாளாக மொட்டை மாடியில் நடந்து பார்த்தாயிற்று. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

முதல் சொல், மியூச்சுவல் இம்ப்ரூவ்மென்ட் சொசைட்டி. பத்திருபது பேர், பெரும்பாலும் இளைஞர்கள். கடைக் குமாஸ்தா, ஆலைத் தொழிலாளி, தச்சர், செருப்புத் தைப்பவர் என்று யாராகவும் இருப்பார்கள். வாரம் ஒரு இரவு கூடுவார்கள். இடம் பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய அறை, இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு மாடி. ஆசிரியர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவர் கட்டுரை எழுதிவந்து வாசிப்பார். மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் முறை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊருக்கு ஊர் இது இருந்தது. அபர்டீன்ஷயர் கிராமங்களில் இதையே 'மியூச்சுவல் இன்ஸ்ட்ரக்‌ஷன் கிளாஸ்' என்றார்கள்.

இரண்டாவது சொல், இந்தச் சங்கங்கள் நடத்திய 'மேனுஸ்கிரிப்ட் மேகசின்'. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் இங்கேதான். உறுப்பினர்கள் கதை, கவிதை, கட்டுரை எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் புனைபெயரில். அவர் எல்லாவற்றையும் வாங்கி, சில சங்கங்களில் ஒரே கையால் அழகாகப் படியெடுப்பார். சில சங்கங்களில் அவரவர் எழுதிய தாளையே வரிசைப்படுத்தித் தைத்துவிடுவார். முகப்புக்கு ஒருவர் வண்ணத்தில் படம் போடுவார். மொத்தம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். முன்னட்டைக்குள் வாசகர் பட்டியல் ஒட்டியிருக்கும். எத்தனை நாள் வைத்திருக்கலாம், அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் எவ்வளவு அபராதம் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் சில பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. சுற்று முடிந்து சங்கத்துக்குத் திரும்பும்போது அந்த வெற்றுப் பக்கங்கள் நிரம்பிப் போயிருக்கும்.

நான் இதுவரை போட்டு அடித்தவை: பரஸ்பர அபிவிருத்திச் சங்கம், கூட்டு முன்னேற்றக் கழகம், கையெழுத்துப் பிரதி இதழ், சுவடி இதழ். எதுவும் ஒட்டவில்லை. கைகொடுங்கள்.

அன்புடன்,
வ.சு.

*

மடல் 2
அனுப்புநர்: மு.

வ.சு. அம்மா, வணக்கம்.

'கூட்டு முன்னேற்றக் கழகம்' வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 'முன்னேற்றக் கழகம்' என்று முடிகிற எந்தப் பெயரைப் பார்த்தாலும் கை தானாக வாக்காளர் அட்டையைத் தேடுகிறது. முன்னால் 'கூட்டு' வேறு. கூட்டணிப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். கிளாஸ்கோ நெசவாளி பாவம்.

'சுவடி இதழ்' என்றால் பனையோலை. அதுவும் வேண்டாம்.

மு.

*

மடல் 3
அனுப்புநர்: க.ந.

அன்புள்ள வ.சு. அவர்களுக்கு,

மு. தம்பி சிரிக்க வைத்தாலும் சொன்னது சரி. 'பரஸ்பர அபிவிருத்தி'யும் என் தலைமுறையோடு போகட்டும். 'பரஸ்பர' என்றால் இன்று பரஸ்பர நிதி, அதாவது பணம். மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872இல் தொடங்கிய காலத்திலிருந்தே சென்னைவாசிக்கு இந்தக் குடும்பத்துச் சொற்கள் எல்லாம் வட்டிக் கணக்கை நினைவூட்டுபவை. படிப்புக்கு ஒத்துவரா.

ஒரு சொல்லைப் படைக்கும்போது மூலமொழியின் சொல்லைப் பார்க்காதீர்கள், செயலைப் பாருங்கள் என்று முப்பதாண்டு வகுப்பறையில் சொல்லி வந்தேன். இங்கே செயல் என்ன? ஆசிரியர் இல்லாமல், ஒத்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது. இதற்கு நம் இலக்கணத்தில் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். நன்னூல் பாயிரத்தில் மாணாக்கன் கல்வி எப்படி நிரம்புகிறது என்று கணக்குப் போடுகிறார் பவணந்தி. ஆசான் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும், பிறகு,

அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்
செவ்விதின் உரைப்ப அவ்விரு காலும்
மையறு புலமை மாண்புடைத் தாகும்

உடன் படிப்பவர்களோடு பயில்வதில் ஒரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. அம்மையார் விவரித்த சங்கம் இந்த முக்கால் பங்கை மட்டும் வைத்து நடந்த பள்ளிக்கூடம். ஆசானுடைய கால் பங்குக்கு அவர்களிடம் காசில்லை.

ஆகவே என் பரிந்துரை: உடன்பயில் கழகம்.

'மேனுஸ்கிரிப்ட் மேகசின்' பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. கையெழுத்துப் பத்திரிகை. இது படைக்க வேண்டிய சொல் அல்ல, புழங்கிய சொல். விடுதியில் இருந்தவர்கள், கிராமத்து வாசகசாலைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். கலைஞர் கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோது நடத்திய 'மாணவ நேசன்' கையெழுத்துப் பத்திரிகைதான். நானும் ஒன்று நடத்தினேன், நான்கு இதழ். ஐந்தாவதைத் தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்தார், திருப்பித் தரவில்லை.

க.ந.

*

மடல் 4
அனுப்புநர்: இல.

வணக்கம்.

க.ந. ஐயாவின் நன்னூல் மேற்கோள் அருமை. ஆனால் நூலகத்தில் பட்டியலிடுகிறவள் என்ற முறையில் இரண்டு ஐயம்.

ஒன்று, 'உடன்பயில்' என்றால் எங்கட வாசகர் உடனே 'உடன் படித்தவர்' என்றுதான் விளங்கிக்கொள்வார். பழைய மாணவர் சங்கம்! வருடத்துக்கு ஒரு இராப்போசனமும் கிரிக்கெட் ஆட்டமும். அந்தக் குழப்பம் வராதா?

இரண்டு, 'இம்ப்ரூவ்மென்ட்' படிப்பு மட்டுமா? உச்சரிப்பு, மேடைப் பேச்சு, நடத்தை, மது விலக்கு எல்லாம் அதுக்குள் வரும் என்று நினைக்கிறேன். வ.சு. அக்கா சொல்லட்டும்.

பத்திரிகை என்றால் எங்களுக்கு நாளிதழ். இந்த வகைக்கு இலங்கையில் 'கையெழுத்துச் சஞ்சிகை' என்போம். இரண்டையும் கொடுத்துவிட்டால் நல்லது.

இல.
யாழ்ப்பாணம்

*

மடல் 5
அனுப்புநர்: வ.சு.

இல. கேட்டது மிக நல்ல கேள்வி. ஒரு ஆளை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன். 1805இல் லண்டனில் ரீபோ என்ற புத்தகம் கட்டுபவரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் பிடித்துக்கொண்டது. ஒரு ஷில்லிங் கட்டணத்தில் டாட்டம் என்பவர் வீட்டில் நடந்த சொற்பொழிவுகளுக்குப் போனார். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட். அங்கே சிட்டி ஃபிலசாஃபிக்கல் சொசைட்டியில் சேர்ந்தார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற லண்டன் அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்ததும், நண்பர் மாக்ராத்தோடு சேர்ந்து தாமே ஒரு திட்டம் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயரே 'மியூச்சுவல் இம்ப்ரூவ்மென்ட் பிளான்'. அரை டஜன் பேர். ராயல் இன்ஸ்டிடியூஷன் பரண் அறையிலோ மாக்ராத்தின் கிடங்கிலோ மாலையில் கூடி, சேர்ந்து வாசித்து, ஒருவர் உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் மற்றவர் திருத்துவார்கள். கட்டுப்பாடு கடுமை, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு, பலன் பெரிது என்று ஃபாரடே பின்னாளில் குறித்து வைத்திருக்கிறார்.

1818இல் இதே நண்பர் வட்டத்திலிருந்து ஒரு கட்டுரைக் குழு பிறந்தது. ஆளுக்கு ஆள் கட்டுரை எழுதி ஒரு ஏட்டில் சேர்த்தார்கள். 'மனப் பயிற்சிகள்' என்று அதற்குப் பெயர். மின்சாரத்தைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற மனிதர் அப்போது கற்பனை பற்றியும் பழக்கம் பற்றியும் நண்பர்கள் திருத்துவதற்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆக, இல., நீங்கள் நினைத்தது சரி. உச்சரிப்பும் நடையும் ஒழுக்கமும் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தச் சொல்லுக்கு இன்னும் முந்தைய மூதாதை ஒருவர் உண்டு. 1727இல் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்ளின் தொடங்கிய 'ஜுன்டோ'. வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் சொந்தக் கட்டுரை வாசித்தாக வேண்டும். 'நான் சொல்வதுதான் சரி' என்கிற தொனியில் பேசினால் சிறு அபராதம். (நம் குழுவுக்கும் இந்த விதியைப் பரிசீலிக்கலாம் என்று மட்டுறுத்துநருக்கு விண்ணப்பம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் 'சுயமுன்னேற்றம்' என்று ஒரு புத்தக அலமாரியே இருக்கிறதல்லவா? அந்தக் குலத்துக்கு ஆதி நூல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்'. முதலாண்டிலேயே 20,000 பிரதி விற்றது. அது எங்கே முளைத்தது தெரியுமா? லீட்ஸ் நகரில் இரண்டு மூன்று ஏழை இளைஞர்கள் குளிர்கால இரவுகளில் ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடினார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். கோடையில் ஒரு தோட்டக் குடிசை. கூட்டம் நூறு பேரை நெருங்கியதும் இடம் வேண்டியிருந்தது. ஊரில் ஒரு கூடம் காலியாகவே கிடந்தது, ஏனென்றால் அது காலரா மருத்துவமனையாக இருந்த இடம். வாடகைக்கு எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. இவர்கள் எடுத்தார்கள். அங்கே வந்து பேசும்படி 1845இல் ஸ்மைல்ஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுகள்தான் பிறகு நூலாயின.

அதாவது சுயமுன்னேற்றம் பிறந்தது தனியறையில் அல்ல, யாரும் சீந்தாத காலரா வார்டில், நூறு பேர் நடுவில். 'முன்னேற்றம்' என்ற சொல்லை நான் விடத் தயங்குவது இதனால்தான். 'உடன்முன்னேற்றம்' என்று வைத்தால் 'சுயமுன்னேற்ற'த்துக்கு எதிரிலேயே நிற்குமே?

வ.சு.

*

மடல் 6
அனுப்புநர்: க.ந.

இல. அவர்களின் பழைய மாணவர் சங்கத்துக்கு விடை எளிது. 'உடன்பயின்றோர்' என்றால் இறந்தகாலம். அது பழைய மாணவர். 'உடன்பயில்' வினைத்தொகை. காலம் கரந்து நிற்கும். பயின்ற, பயில்கிற, பயிலும் மூன்றும் அதற்குள். 'பயில்' என்பது படிப்பு மட்டுமும் அல்ல. சிலம்பம் பயில்கிறோம், வீணை பயில்கிறோம், நல்லொழுக்கமும் பயில்கிறோம். உச்சரிப்பு பயில்வதற்கு என்ன தடை?

'உடன்முன்னேற்றம்' பொருள் நன்று, வாய்க்குள் போகவில்லை. சொல்லிப் பாருங்கள். 'உடன்முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்கள்.' மூச்சு வாங்குகிறது. பல்லில் சிக்குகிற சொல் அகராதியில்தான் வாழும்.

'கழகம்' வேண்டாமென்றால் 'சங்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வள்ளுவர் கழகம் என்ற சொல்லைச் சூதாடும் இடத்துக்கும் ஆண்டிருக்கிறார், ஆகவே தூய்மை பேசிப் பயனில்லை.

க.ந.

*

மடல் 7
அனுப்புநர்: மு.

உடன்பயில் சங்கத்துக்கு என் ஓட்டு. (பார்த்தீர்களா, ஓட்டு வந்துவிட்டது.)

ஆனால் பத்திரிகை விஷயத்தை க.ந. ஐயா சீக்கிரம் மூடிவிட்டார் என்று தோன்றுகிறது. 'கையெழுத்துப் பத்திரிகை' நல்ல சொல்தான். வ.சு. அம்மாவின் நூலில் அச்சில் வந்தவையும் இருக்குமே? விக்கிக்காகக் கொஞ்சம் தேடினேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரம், பருத்தி ஆலைகள். பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் தறியில் நின்றார்கள். இரவில் 'இம்ப்ரூவ்மென்ட் சர்க்கிள்' கூடி எழுதியதை வாசித்தார்கள். அதிலிருந்து 1840 அக்டோபரில் 'லோவெல் ஆஃபரிங்' வந்தது. அச்சிட்ட இதழ். பிறகு ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்ட்டிஸ் என்ற இரு ஆலைப் பெண்களே ஆசிரியர் பொறுப்பை எடுத்தார்கள். 1842இல் டிக்கன்ஸ் லோவெலுக்கு வந்து, நானூறு பக்கம் கையோடு வாங்கிப்போய்ப் படித்து, பாராட்டி எழுதினார். 1845 டிசம்பரில் நின்றது. அதே லோவெலில் லூசி லார்க்கம் சிறுமியாக இருந்தபோது வீட்டில் அக்காவோடு நடத்திய 'டைவிங் பெல்' கையெழுத்தில் வந்தது. ஒரே ஊர், ஒரே ஆட்கள், ஒன்று அச்சு, ஒன்று கையெழுத்து. இரண்டையும் சேர்த்துச் சொல்ல என்ன சொல்?

எடின்பரோவில் 1865இல் சேரா மேர் என்ற 19 வயதுப் பெண் தோழிகளைக் கூட்டி ஒரு கட்டுரைச் சங்கம் தொடங்கினார். 'தி அட்டெம்ப்ட்', அதாவது 'முயற்சி', அவர்கள் இதழ். அதுவும் அச்சுதான். 1874 வரை வந்து, பிறகு பெயர் மாறி 1880 வரை ஓடியது. பத்திரிகை நின்ற பிறகும் சங்கம் விவாதக் குழுவாக 1935 வரை நின்றது.

'அமெச்சூர் இதழ்' என்று போட்டால்? சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை ஆரம்பித்ததிலிருந்து 'அமெச்சூர்' நாடகத்தில் நம்மோடு இருக்கிறது. அல்லது நேராக 'சிற்றிதழ்'?

மு.

*

மடல் 8
அனுப்புநர்: க.ந.

சிற்றிதழ் கூடாது. கூடவே கூடாது. சிற்றிதழ் என்பது பெரும் பத்திரிகைகளோடு முறைத்துக்கொண்டு நின்ற இலக்கிய நிலைப்பாடு. அந்தக் கிளாஸ்கோ குமாஸ்தா யாரோடும் முறைக்கவில்லை. தன் எழுத்துப்பிழையோடு மட்டும்தான் சண்டை போட்டார்.

க.ந.

*

மடல் 9
அனுப்புநர்: வ.சு.

க.ந. ஐயாவை வழிமொழிகிறேன். 'அமெச்சூர்' பற்றி ஒரு தயக்கம். அமெரிக்காவில் 'அமெச்சூர் ஜர்னலிசம்' என்று வேறொரு மரபே இருக்கிறது. 1867இல் பாஸ்டனில் வுட்ஸ் என்பவர் 'நாவல்ட்டி' என்ற சின்ன அச்சியந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பள்ளிப் பையன்கள் அதை வாங்கி வீட்டு மாடியில் ஆளுக்கொரு பத்திரிகை அச்சடித்து ஊர் ஊராகப் பரிமாறிக்கொண்டார்கள். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் தேசிய அளவில் சங்கமும் கண்டார்கள். அது அச்சுமை பிடித்தவர்களின் பொழுதுபோக்கு. நம் ஆட்கள் எழுதியது எழுதப் பழக. 'அமெச்சூர்' போட்டால் இரண்டும் ஒரே மூட்டையில் விழுந்துவிடும். நம் சங்கங்கள் தங்கள் இதழை 'மேகசின்' என்றோ, சுருக்கமாக 'எம்.எஸ். மேகசின்' என்றோதான் சொல்லிக்கொண்டன. அந்தச் சுருக்கத்தைத் தமிழில் அப்படியே விட்டால் வாசகர் சுப்புலட்சுமி அம்மாவைத் தேடுவார்.

அச்சில் வந்தவற்றுக்கும் கையெழுத்தில் வந்தவற்றுக்கும் பொதுச் சொல்லாக 'சங்க இதழ்' என்று எழுதிப் பார்த்தேன். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, 'அகநானூறு காலத்திலேயே பத்திரிகை வந்ததா?' என்றான்.

வ.சு.

*

மடல் 10
அனுப்புநர்: இல.

இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வ.சு. அக்காவின் முதல் மடலில் எனக்கு முக்கியமாகப் பட்டது கையெழுத்து இல்லை. ஒரே பிரதி என்பதுதான். அது வீடு வீடாகப் போகிறது, ஒவ்வொரு வீட்டிலும் எதையோ வாங்கிக்கொண்டு கனத்துத் திரும்புகிறது. அச்சிதழ் வாசகரிடம் போய்ச் சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்தது. இது திரும்பி வந்தால்தான் முடியும்.

கையெழுத்தில் இருந்தால் மட்டும் இந்த வகை ஆகிவிடாது. 1829இல் ஹாவொர்த் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளான பிராண்டே உடன்பிறப்புகள் பொம்மை வீரர்கள் படிக்கிற அளவுக்கு, உள்ளங்கைக்குள் அடங்குகிற சஞ்சிகை எழுதினார்கள். கையெழுத்துத்தான். ஆனால் அது வீட்டை விட்டுப் போகவில்லை, யாரும் பின்பக்கத்தில் குற்றம் சொல்லி எழுதவில்லை. மாறாக நாவலாசிரியை ஷார்லட் யங் 1860களில் தன் உறவுப் பெண்களையும் தோழிகளையும் சேர்த்து நடத்திய 'பார்னக்கிள்' இந்த வகைக்குக் கிட்ட வரும். தன்னைத் தாய் வாத்து என்றும் அந்தப் பெண்களை வாத்துக் குஞ்சுகள் என்றும் பெயரிட்டுக்கொண்டார். மாதாமாதம் கேள்வி, பதில் எழுதி அனுப்ப வேண்டும். 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னித் தபால் வந்த பிறகு ஊர் விட்டு ஊர் இப்படி ஒரு வட்டம் நடத்துவது முடிகிற காரியமாகிவிட்டது.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு தாள் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரும் கையொப்பம் வைத்துத் திரும்புவதை என்ன என்கிறோம்? சுற்றறிக்கை. அப்படியென்றால் இது சுற்றிதழ்.

சுற்று, இதழ். சுற்றிதழ்.

இல.

*

மடல் 11
அனுப்புநர்: மு.

அடடா!

*

மடல் 12
அனுப்புநர்: க.ந.

சுற்றிதழ். நல்ல சொல். எனக்கு இது தோன்றவில்லையே என்று சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது.

இருந்தாலும் குறை சொல்வது என் தொழில். சுற்றிதழ், சிற்றிதழ்: ஓர் எழுத்துதான் வேறுபாடு. அச்சுக் கோப்பவர் ஒருவர் விடாமல் 'சிற்றிதழ்' என்று திருத்திவிடுவார். 'கையெழுத்துச் சுற்றிதழ்' என்று முதல் முறை முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொண்டால் ஆபத்து குறையும். மேலும் புழக்கத்தில் இருக்கும் 'கையெழுத்துப் பத்திரிகை'யைத் தூக்கி எறிய வேண்டாம். அது பெரிய குடும்பம். சுற்றிதழ் அதில் ஒரு பிள்ளை.

அந்த வெற்றுப் பக்கங்களுக்குப் பெயர் வைத்தீர்களா? 'விமர்சனப் பக்கம்' என்று போட்டுவிடாதீர்கள். விமர்சனம் வெளியாள் செய்வது. இங்கே எழுதியவனும் படித்தவனும் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். 'குறைநிறைப் பக்கம்' எப்படி?

க.ந.

*

மடல் 13
அனுப்புநர்: வ.சு.

ஐயா, குறைநிறைப் பக்கம் சரியான சொல். குறை முன்னால் வருவதும் அந்தப் பக்கங்களின் குணத்துக்குப் பொருத்தம். கவிதையின் சீர் தளர்ந்திருக்கிறது, எதுகை இழுத்துப் பிடித்திருக்கிறது, இந்தக் கட்டுரையாளர் காற்புள்ளியைக் கண்டதே இல்லை போலும் என்கிற தோரணையில் எழுதுவார்கள். அதற்கு அடியிலேயே அடுத்தவர், முன்னவர் சொன்னது தப்பு என்று எழுதியிருப்பார். புனைபெயர் வைத்துக்கொண்டது ஏன் என்பது இங்கே வந்தால்தான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்த நாற்காலியில் உட்காரப் போகிறவனுடைய கவிதை என்று தெரிந்தால் யார் உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள்?

அச்சடிக்காதது காசில்லாததால் மட்டும்தானா என்று நானும் முதலில் குழம்பினேன். காசும் காரணம்தான், காகித வரியே 1861இல்தான் நீங்கியது. ஆனால் வரி போன பிறகும் இவை கையெழுத்திலேயே தொடர்ந்தன. இருபது பேருக்கு ஒரு பிரதி போதும். அச்சில் ஏறிவிட்டால் தப்பு நிலைத்துவிடும், திருத்த இடமும் இருக்காது. பழகுகிறவனுக்கு அச்சு பகை. இல. சொன்ன 'திரும்பி வந்தால்தான் முடியும்' என்பதை அடிக்குறிப்பில் எடுத்தாளப் போகிறேன், அனுமதி வேண்டும்.

இன்னொரு தலைவலி மிச்சம். இதழைப் பொறுப்பேற்று நடத்துகிறவரைக் 'கண்டக்டர்' என்பது அக்கால வழக்கம். டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' முகப்பிலேயே அவரால் 'கண்டக்ட்' செய்யப்படுவது என்றுதான் இருக்கும். நடத்துநர் என்று மொழிபெயர்த்தால் தோளில் தோல்பையும் வாயில் விசிலும் வந்துவிடுகின்றன.

வ.சு.

*

மடல் 14
அனுப்புநர்: க.ந.

பத்திராதிபர். என் தாத்தா காலத்துச் சொல். தூசி தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காலமும் பொருந்துகிறது, மிடுக்கும் பொருந்துகிறது. இருபது பேர் படிக்கிற ஒற்றைப் பிரதிக்குப் பத்திராதிபர் என்று சொல்லும்போது அதிலுள்ள செல்லமும் சேர்ந்து வரும்.

க.ந.

*

மடல் 15
அனுப்புநர்: வ.சு.

எடுத்துக்கொண்டேன். சொற்களை வாக்கியத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? இன்று காலை எழுதிய பத்தி இது:

'மான்செஸ்டரில் தூய பவுல் இலக்கிய, கல்விச் சங்கம் 1855இல் ஒரு சுற்றிதழ் தொடங்கியது. ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ் என்று பெயர். துண்டு துணுக்கு என்று பொருள்படும் அடக்கமான பெயர். இத்தகைய உடன்பயில் சங்கங்களில் பத்திராதிபராக இருப்பது பெருமைக்குரிய தொல்லை. எழுதுவதாகச் சொன்னவர்கள் வீட்டுக்கு நடக்க வேண்டும், புரியாத கையெழுத்தைப் படியெடுக்க வேண்டும், இதழை மூன்று வாரமாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருப்பவரிடம் அபராதம் கேட்க வேண்டும். இதழ் திரும்பிய இரவில் கூட்டம் நிறைந்திருக்கும். எல்லோரும் முதலில் புரட்டியது கடைசிப் பக்கங்களை. தம் கட்டுரையைப் பற்றிக் குறைநிறைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க.'

ஓடுகிறதா? என் காதுக்கு ஓடுகிறது. 'உடன்பயில் சங்கம்' மூன்றாம் முறை வரும்போது மேற்கோள் குறி தேவைப்படவில்லை, அதுதான் எனக்குச் சோதனை. அச்சில் வந்த லோவெல், எடின்பரோ இதழ்களுக்கு 'உடன்பயில் சங்க இதழ்' என்றே நீட்டி எழுதிவிட்டேன். அகநானூற்றுக்காரர் இனி வரமாட்டார்.

சந்தேகம் ஒன்றே ஒன்று. கிளாஸ்கோ பகுதியில் ஒரே பக்கத்தில் 'சுற்றிதழ்' பதினோரு தடவை வருகிறது. சிலவற்றை 'சஞ்சிகை' என்று மாற்றினால் தமிழ்நாட்டு வாசகர் முகம் சுளிப்பாரா?

வ.சு.

*

மடல் 16
அனுப்புநர்: இல.

சுளிக்கட்டும் அக்கா. நாங்கள் இவ்வளவு நாளும் 'பத்திரிகை'யைப் பொறுத்துக்கொள்ளவில்லையா?

அடிக்குறிப்புக்கு அனுமதி உண்டு.

இல.

*

மடல் 17
அனுப்புநர்: மட்டுறுத்துநர்

குழுவின் சொற்பட்டியலில் நான்கையும் ஏற்றியாயிற்று: உடன்பயில் சங்கம், சுற்றிதழ் (கையெழுத்துச் சுற்றிதழ்), குறைநிறைப் பக்கம், பத்திராதிபர். ஃபிராங்ளின் அபராதம் பற்றிய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, க.ந. ஐயாவிடம் எவ்வளவு வசூலாகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியல் ஏறி அரை மணி நேரத்துக்குள் யாரோ நல்லெண்ணத்தோடு 'சுற்றிதழ்' என்பதைச் 'சிற்றிதழ்' என்று திருத்தியிருந்தார்கள். மாற்றிவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் திருத்த வேண்டாம்.